புகுமிடம்

எங்கள் வீட்டுக்குக் கோழிகள் வந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் இடையில், கவரைப்பேட்டையில் குடியிருக்கிறோம். வீட்டின் பின்னால் சிறிது காலி இடமும் ஒரு கொய்யா மரமும் உண்டு. கோழி வளர்க்கும் ஆசை மகளுடையது. நான் இசைந்ததற்குக் காரணம் அம்மா.

அப்பாவின் மறைவுக்குப் பிறகு, ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆரணியாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து அம்மாவை அழைத்து வந்தோம். வயது 78. நினைவு மங்கி வருகிறது. பகலெல்லாம் அமைதியாக இருப்பவர், பொழுது சாயும் வேளையில் இரண்டு புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "ஊட்டுக்குப் போவலாம்பா, இருட்டிடுச்சி" என்பார். இதுதான் உன் வீடு என்று நாள்தோறும் விளக்குவேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம், விளக்கினால் புரிந்துவிடும் என்று எண்ணுவது.

அம்மாவின் ஊரிலேயே நான்கு விடைக்கோழிகளும் ஒரு சேவலும் வாங்கினோம். விற்ற அம்மையார் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொன்னார்: "ஒரு வாரம் கூண்டத் தொறக்காதீங்க சார், எடம் பழகணும்." புதிய இடத்துக்கு வந்த கோழியைச் சில நாள் அடைத்து வைத்தால்தான் அது அந்தக் கூண்டைத் தன் இடமாக அறியும். பிறகு எங்கே மேய்ந்தாலும் அந்தியில் தானே திரும்பும். நொய்யும் கம்பும் இட்டோம். மண்சட்டியில் நீர் வைத்தோம். மூன்றாம் நாள் மகள் மனம் இரங்கிக் கெஞ்சினாள். திறந்துவிட்டவன் நான்.

அன்று அந்தியில் ஒன்றுகூடக் கூண்டை நாடவில்லை. கொய்யாக் கிளையில் ஒன்று, மதிலோரம் ஒன்று, தெருவிளக்கின் வெளிச்சத்தில் திகைத்தபடி இரண்டு. மங்கிய ஒளியில் கோழிக்குப் பார்வை குறைவு. நான்கைப் பிடித்தோம். ஐந்தாவதன் இறகுகளை மறுநாள் காலை வேலியருகே கண்டோம். பூனையின் வேலை. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குறுந்தொகையின் 139ஆம் பாடலைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. மருதத்திணை, தோழி தலைவனுக்கு வாயில் மறுக்கிறாள். மாலையில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வர, ஒதுங்கும் இடம் அறியாது துன்புறும் குஞ்சுகளை மனைக்கோழி கூவிக் கூட்டுகிறது. ஊர்ப்பழியின் ஆரவாரத்துக்கு அக்கூவல் உவமை. உவமை என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் தலைவனிடம் விரைவதே என் வழக்கம். மாலை, வேலி, பூனை, புகுமிடம் அறியாமை ஆகிய நான்கும் என் கொல்லையிலேயே கூடி நின்ற பிறகுதான், அந்த அம்மை எதைப் பார்த்துப் பாடினார் என்று எண்ணத் தோன்றியது.

மறுநாள் மாலை, கூண்டைச் சுத்தம் செய்யத் திறந்தபோது வெளியேறிவிட்ட கோழிகளைக் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்தார். கையில் பை இருந்தது. "தொரத்தினா எங்கப்பா போவும்? நொய்யக் காட்டிக் கூப்புடு" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, "பா... பா... பா..." என்று அழைத்தார். நான்கும் அவர் பின்னால் கூண்டுக்குள் போயின. அதன்பின் மாலையில் கோழி அடைப்பது அவர் பொறுப்பாயிற்று.

பிப்ரவரியில் கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டு வந்தோம். குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத் என்ற ஊரின் பெயரால் வழங்கும் நோய். நுழைந்தால் கூண்டையே காலி செய்துவிடும். மருத்துவர் ஊசி போடும்போது கோழிகளை அசையாமல் பிடித்துக்கொண்டவர் அம்மாதான். மார்ச்சில் ஒரு கோழியை ஒன்பது முட்டைகளோடு அடை வைத்தோம். இருபத்தோராம் நாள் ஏழு பொரிந்தன. ஒருநாள் அந்தியில் மதில்மேல் பூனை வந்து அமர, தாய்க்கோழி எழுப்பிய குரலை முதன்முறையாகக் கேட்டேன். அடுத்த முறை அப்பாடலை நடத்தும்போது தலைவனிடம் அவ்வளவு விரைந்து போக மாட்டேன்.

அம்மா இப்போதும் பையோடு வந்து நிற்கிறார். நான் விளக்குவதை விட்டுவிட்டேன். "கோழிய அடைச்சிட்டுப் போவலாம்மா" என்கிறேன். கூண்டின் தாழைப் போடுவதற்குள் பெரும்பாலான நாள்களில் அவருக்குப் பை மறந்துவிடுகிறது. சில நாள்களில் மறப்பதில்லை. அன்று தெருக்கோடி வரை இருவரும் நடந்து திரும்புகிறோம்.