ரவுட்டரின் குட்டி விளக்கு

உதவித்தொகை விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். கணினி அறை வாசலில் பதினோரு பேர். திடீர்னு இணையம் கட்! எல்லோரும் கம்பெனிக்காரங்களைத் திட்டினாங்க. நான் ரவுட்டரில் கேபிள் செருகும் துளையைப் பார்த்தேன். அங்கே எரிய வேண்டிய குட்டி விளக்கு எரியலை. கம்ப்யூட்டரோ நல்லாவே ஓடுது. அப்போ கோளாறு வெளியே இல்லை, இந்த ரெண்டுக்கும் நடுவில்தான். பக்கத்துத் துளையில் மாட்டினேன், எரியலை. வேறு கேபிள் போட்டேன், பளிச்! விண்ணப்பம் எல்லாம் போயிடுச்சு.

பழைய கேபிளை வெட்டிப் பார்த்தோம். 8 செம்புக் கம்பிகள், ரெண்டு ரெண்டாக முறுக்கியிருந்தது. அதில் 2 அறுந்திருந்தது. (எலி வேலையா இருக்கும்!) 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 4 கம்பி போதுமாம், 1000-க்கு எட்டும் வேணும். ஆனா விளக்கு எரிஞ்சா, இணைப்பு இருக்குன்னுதான் அர்த்தம், அந்தக் கேபிள் முழுசா சரின்னு இல்லை. இணையம் வருதான்னு பிங் போட்டுத்தான் பார்க்கணும்.