பிளான்கார அண்ணாச்சியும் என் ரப்பர் ஸ்டாம்பும்

எதிர் வீட்டுப் பெண் இந்த வருடம் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகிறாள். 'நாட்டா' எழுதி முடித்த கையோடு ஒரு சந்தேகத்துடன் வந்தாள். "தாத்தா, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர், ஐ.ஐ.ஏ. ரெண்டும் ஒண்ணா? எதுக்கு ரெண்டு?"

முப்பது வருடம் தொழிலில் இருந்தவர்களே இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஐ.ஐ.ஏ. என்கிற இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ், நாங்களாகச் சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம். 1917-ல் பம்பாய் ஜே.ஜே. பள்ளியின் பழைய மாணவர்கள் ஆரம்பித்தது. கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் முதல் தலைவர். இப்போதைய பெயர் 1929-ல் வந்தது. இஷ்டமிருந்தால் சேரலாம். கவுன்சில் அப்படியல்ல. 1972-ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு. அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். கல்லூரிகளில் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும், தப்பு செய்தவனை விசாரித்துப் பெயரை நீக்குவதும் அதன் பொறுப்பு. எங்கள் சங்கம் தன் உறுப்பினர்களில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்பும். இரண்டுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

"அப்போ பதிவு இல்லாதவங்க பிளான் போடக் கூடாதா?"

போடலாம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சட்டத்தின் 37-வது பிரிவு காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை, வேலையை அல்ல. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் அதைத்தான் தீர்ப்பாகச் சொன்னது. பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் முதல் தடவைக்கு அபராதம், சட்டப் புத்தகத்தில் உள்ளபடி, அதிகபட்சம் 500 ரூபாய்!

அவளிடம் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனசில் அண்ணாச்சிதான் இருந்தார்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் அவருக்கு ஒரு அறை. ஊரில் எல்லோருக்கும் அவர் பிளான்கார அண்ணாச்சி. படித்தது எஸ்.எஸ்.எல்.சி. யாரோ ஒரு ஓவர்சியரிடம் டிரேசிங் போட்டுப் பழகியவர். பள்ளி லீவில் நான் அங்கே போய் அவருக்குப் பென்சில் சீவிக் கொடுப்பேன். டி ஸ்கொயரைப் பலகையில் ஓட்டுவது முதல் மழைத்தண்ணீர் வாட்டம் பார்ப்பது வரை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். மானவெளியை எந்தப் பக்கம் தள்ளினால் பட்டாசலில் மத்தியானமும் வெளிச்சம் நிற்கும், தார்சா எவ்வளவு அகலம் இருந்தால் கல்யாண வீட்டில் இரண்டு பந்தி போடலாம் என்பதையெல்லாம் பீடியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வார். பிறகு சென்னையில் ஐந்து வருடம் படித்தேன். அங்கே கற்றது வேறு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது அங்கே இல்லை.

அவர் போர்டில் பச்சைப் பெயிண்டில் 'ஆர்க்கிடெக்ட் அண்ட் பிளானர்' என்று எழுதியிருந்தது. சட்டம் வந்த பிறகு யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஒரு லீவுக்கு நான் ஊருக்கு வந்தபோது முதல் வார்த்தையின் மேல் வெள்ளை அடித்திருந்தார். "வெறும் பிளானர்னு இருந்தா போதும்லே. ஆளு அதே ஆளுதானே" என்றார்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது ஒன்று உண்டு. பட்டம் இல்லாவிட்டாலும், குறித்த தேதிக்கு முன்னால் ஐந்து வருடமாவது ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்திருந்தால் பதிவு செய்துகொள்ள அதே சட்டத்தில் வழி இருந்தது. அண்ணாச்சி அதற்கு முன் பத்து வருடமாவது வீடு வீடாக வரைந்திருப்பார். அவருக்கு அது தெரியாது. மாணவனாக இருந்த எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிய வந்தபோது, நிரூபிக்க அவர் கையில் ஒரு காகிதம் இல்லை. வரைந்ததெல்லாம் கொத்தனார் கையில் சுண்ணாம்போடு போய்விட்டது. மிச்சத்தைக் கரையான் தின்றுவிட்டது. டெல்லியில் ஒரு பதிவேடு திறந்தால் அந்தச் செய்தியை எங்கள் தெருமுனை வரை கொண்டுவருவது யார் வேலை? சங்கத்தின் வேலை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1979-ல் எனக்குப் பதிவு எண் கிடைத்தது. ஊரிலேயே ஆபீஸ் போட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அண்ணாச்சி ஒரு சுருளோடு வந்தார். சின்ன நர்சிங் ஹோம், மூன்று மாடி. கடன் கொடுக்கும் பாங்கில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டின் கையெழுத்து வேண்டும் என்கிறார்களாம். "ஒரு ஸ்டாம்பு குத்திக் கொடு தம்பி." அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. சுருளைப் பிரித்துப் பத்து நிமிஷம் பார்த்தேன். சுத்தமான வரைபடம். குத்திவிட்டேன். காசு வாங்கவில்லை என்பதை அப்போது பெரிய நியாயமாக நினைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் போன் செய்தார். மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறுகிறது, வந்து பாருங்கள் என்றார். எந்தப் படி, எந்தச் சுவர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனைக்கு நான் ஒருநாளும் போனதில்லை. நான் திணறுவதைக் கேட்டு அவர், "சார், நீங்கதானே ஆர்க்கிடெக்ட்?" என்றார். கோபமில்லை, உண்மையான சந்தேகம்தான்.

போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஓடிய குழாயில் கசிவு. ஒரு நாளில் சரியாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கே கட்டில்களில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். தூண் எங்கே, பீம் எங்கே என்று தெரியாத கட்டடத்துக்குப் பொறுப்பேற்றவன் நான்.

1989-ல் வந்த நடத்தை விதிகள் என் மேஜையிலேயே இருந்தன. கமிஷன் வாங்காதே, விளம்பரம் செய்யாதே என்பதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் நான். நான் செய்தது எந்த உட்பிரிவில் வரும் என்று தேடிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கவுன்சிலும் என்னைக் கேட்கவில்லை. யாராவது புகார் கொடுத்தால்தானே கேட்கும்? எழுதப் படிக்கத் தெரிந்த அந்தச் சொந்தக்காரருக்கே அப்படி ஒரு இடம் இருப்பது தெரியாது. பதிவில்லாத அண்ணாச்சி போர்டில் வெள்ளை அடித்தார். பதிவுள்ள நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டை வைத்துப் பார்த்தால் எங்கள் இரண்டு பேரில் நல்லவன் நான்தான்.

அண்ணாச்சி அடுத்த வருடம் இன்னொரு சுருளோடு வந்தார். இந்தத் தடவை, "மனையை நானும் பார்க்கிறேன், சேர்ந்து வரைவோம், உங்க பேரையும் போடுவோம் அண்ணாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நான் சொல்லிக் கொடுத்த பயலுக்கு நான் அசிஸ்டெண்டாலே?" என்று கேட்டுவிட்டுச் சுருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்டாம்பு குத்த வேறு ஆள் கிடைத்திருப்பார். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் தலையசைப்போடு சரி. அவர் போன அன்று நான் கோயம்புத்தூரில் சைட்டில் இருந்தேன். பதினாறாம் நாளுக்குத்தான் போக முடிந்தது.

அந்தப் பெண்ணுக்கு நடத்தை விதிகளின் பிரதி ஒன்று கொடுத்தேன். புரட்டிப் பார்த்தவள், "இதெல்லாம் நீங்க அப்படியே செஞ்சீங்களா தாத்தா?" என்று கேட்டாள். காப்பி ஆறிவிடும், குடி என்றேன்.