பேராதனையும் பழைய ஜீப்பும்

கண்டிக்கு வந்தால் பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பார்க்காமல் போகமாட்டீர்கள். 1944-இல் மௌண்ட்பேட்டன் பிரபுவின் யுத்தத் தலைமையகம் இங்குதான் இயங்கியது. அந்த யுத்தத்திற்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்ட் கம்பெனிகள் 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. அவ்வகை ஜீப்புகளை மலையகத்தில் இன்றும் காணலாம்.

இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களில் இருந்த வண்டியையே திருத்தி ஓட்டினார்கள். கெட்ட எஞ்சினைக் கழற்றி, கிடைத்ததைப் பூட்டினார்கள். தேவை கற்றுத்தந்த அத்தொழில் இன்று பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் தேடுவதோ அந்தக் கழற்றிப்போட்ட அசல் எஞ்சினைத்தான்!

ஆகவே, உங்கள் வீட்டு வளவில் துருப்பிடித்த ஜீப் எஞ்சின் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். துருவைத் தேய்த்து இலக்கத்தைப் பாருங்கள். 'எம்பி' என்று தொடங்கினால் அது யுத்தகால வில்லிஸ். இரும்பு விலைக்குப் போகக்கூடியதல்ல.