வரவேற்பில் பாட்டுக் கச்சேரி

கல்யாணம் என்றால் மண்டபம், சமையல், போட்டோ எல்லாவற்றுக்கும் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். வரவேற்பில் பாட வரும் இசைக்குழுவிடம் மட்டும் "எவ்வளவு ஆகும்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். என்ன பாடுவீர்கள், எப்போது பாடுவீர்கள், எவ்வளவு சத்தமாகப் பாடுவீர்கள் என்று கேட்பதில்லை. அந்த மூன்றையும் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி.

நம் கல்யாணங்களில் இசைக்கு எப்போதும் ஒரு வேளையும் ஒரு வேலையும் இருந்தன. மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு வாத்தியம். சீருடையும் கிளாரினெட்டும் டிரம்பெட்டுமாக வருவார்கள். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும். தெருவைக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. காலையில் நாதஸ்வரம், தவில். தாலி கட்டும்போது கெட்டிமேளம். அந்த நேரத்தில் தும்மலோ அழுகையோ அபசகுனமான சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காக அத்தனை சத்தம். முடிச்சு விழுந்ததும் மேளம் தணிந்துவிடும். இப்போதைய வரவேற்புகளிலோ மூன்று மணி நேரமும் கெட்டிமேளம்தான்.

என் இளமையில் வசதியுள்ள வீட்டு வரவேற்பு என்றால் கர்நாடக சங்கீதக் கச்சேரி. பிறகு மெல்லிசைக் குழுக்கள் வந்தன. இளையராஜாவும் அவருடைய சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் சினிமாவுக்கு வரும் முன் மேடைக் கச்சேரிகளில் வாசித்தவர்கள்தான். ஏ.வி.ரமணனின் 'மியூசியானோ' குழுவுக்குத் தனி மவுசு இருந்தது. நான் கேட்ட குழுக்களில் ஒரு வரிசை உண்டு. முதலில் சீர்காழியின் பக்திப் பாடல் ஒன்று. அப்புறம் கே.வி.மகாதேவன், எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டுகள். பந்தி நடக்கும்போது பாடகர்களுக்கு ஓய்வு. வயலினும் அக்கார்டியனும் மட்டும் பேசும். கூட்டம் கலையும் நேரத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியின் துள்ளல் பாட்டு. சோகப் பாட்டு எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் கல்யாண மேடையில் ஏறாது.

அன்று மேடையில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள். கீபோர்டு வந்தது, வயலின்காரர்கள் போனார்கள். ரிதம் பேடு வந்தது, தபலாவும் பாங்கோஸும் போயின. இப்போது பல இடங்களில் பதிவு செய்த டிராக் ஓட, இரண்டு பேர் பாடுகிறார்கள். ஆட்கள் குறையக் குறைய ஸ்பீக்கர் பெருத்துக்கொண்டே போகிறது.

மூன்று வருடங்களுக்கு முன் சென்னையில் உறவினர் வீட்டு வரவேற்பு. கும்பகோணத்திலிருந்து என் பெரியக்கா வந்திருந்தாள். எண்பத்து நாலு வயது, காதில் மெஷின். நாங்கள் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் பாட்டே குத்துப் பாட்டு. நாற்காலி அதிர்ந்தது. எழுந்து போய், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மிக்ஸர் பையனிடம் கேட்டேன். "குறைச்சா பாட்டு எடுக்காது சார்" என்றான். திரும்பி வந்தால், அக்கா மெஷினைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் காதை அவள் வாயருகே வைத்தும் விளங்கவில்லை. எட்டு மணிக்கு அவளை அழைத்துப்போக வண்டி வந்துவிட்டது. அடுத்த மூன்றாவது மாதம் போய்விட்டாள்.

தொலைபேசித் துறையில் டெசிபலோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன் நான். அதனால் ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவின் 'நியோஷ்' என்ற தொழில் பாதுகாப்பு நிறுவனம் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். முன்வரிசையில் யாரை உட்கார வைக்கிறோம்? தாத்தா பாட்டிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும்தான்.

போன வருடம் தம்பி பெண்ணின் கல்யாணத்தில் கச்சேரிப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். குழுவின் தலைவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் வாத்தியம் மட்டும். அடுத்து அறுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை மெலடி. கடைசி அரை மணி இளவட்டங்களுக்கு, அவர்கள் கேட்டதெல்லாம். பந்தி நடக்கும் இடத்தில் ஸ்பீக்கர் கூடாது. பக்கத்து நாற்காலிக்காரர் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும்.

முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "இப்படி வாசிக்கணும்னுதான் சார் எங்களுக்கும் ஆசை. கீழேயிருந்து வர்ற சீட்டெல்லாம் குத்துப் பாட்டா வந்தா நாங்க என்ன செய்ய? உங்களுக்காக புல்லாங்குழல், தபலா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன். அவங்களுக்கு இப்ப வேலையே இல்ல" என்றார். அந்த இரண்டு பேருக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தோம். பூ அலங்காரத்தில் ஒரு வளைவைக் குறைத்ததில் அது சரியாகிவிட்டது.

பையன்கள் கடைசி அரை மணியில் ஆடித் தீர்த்தார்கள். அதற்கு முன் மண்டபம் முழுக்கப் பேச்சுச் சத்தம். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குழல் அதன் நடுவே போய்க்கொண்டிருந்தது.

இனி உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால், இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். சத்தத்துக்கான வரியை முதலில் எழுதுங்கள்.