கால் பங்கும் முக்கால் பங்கும்: வாரவிறுதித் தமிழாசிரியர் பற்றிச் சில எண்ணங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிற் கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண் நிலமும் கிணற்று நீரும் வாழைத் தோட்டங்களும் அவ்வூரின் புறத்தோற்றம். குடாநாட்டின் கல்வி வரலாற்றை அறிந்தோர்க்கு அவ்வூர்ப் பெயரோடு சேர்ந்து நினைவில் எழுபவர் சங்கர பண்டிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழையும் வடமொழியையும் ஒருங்கே கற்றுத் துறைபோகிய அவர், தம்மை நாடி வந்தோர்க்குக் கற்பித்தும் வந்தார். அவர் மைந்தர் சிவப்பிரகாச பண்டிதரும் அவ்வழி நின்றவரே. அரசு சம்பளம் வழங்கும் ஆசிரியத் தொழில் ஊர்தோறும் பரவுமுன்னர், கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பது கடமை என்ற எண்ணமே திண்ணைப் பள்ளிகளைத் தாங்கி நின்றது.

அவ்வெண்ணம் இன்று எதிர்பாராத இடங்களில் மறுபடியும் வேலைசெய்கின்றது. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களும், 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு துறந்து தென்மராட்சி நோக்கி நடந்த பெரும் இடப்பெயர்வும், அவற்றைத் தொடர்ந்த போர்க்காலமும் நீர்வேலியின் பிள்ளைகளைப் பல நாடுகளிற் சிதறச் செய்தன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் அவர்கள் வேரூன்றினர். அங்குப் பிறந்த அடுத்த தலைமுறைக்குத் தமிழ் கற்பிக்க வாரவிறுதிப் பள்ளிகள் எழுந்தன. சிட்னியிற் பாலர் மலர் தமிழ்ப் பள்ளி 1977ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. சுவிற்சர்லாந்திலே தமிழ்க் கல்விச் சேவை 1995ஆம் ஆண்டிலிருந்து இயங்குகின்றது. இத்தகைய பள்ளிகளிற் கற்பிப்போருட் பெரும்பாலார் பயிற்றப்பட்ட ஆசிரியரல்லர். கிழமை நாட்களிற் கணக்காளராகவும் தாதியாகவும் கடைப் பணியாளராகவும் பல்கலைக்கழக மாணவராகவும் இருப்போர், சனிக்கிழமை காலையிற் சுண்ணக்கட்டி ஏந்துகின்றனர். தமிழ் தெரியும் என்பதொன்றே அவர்களுட் பலருக்கு உள்ள தகுதி.

அவ்வகுப்பறையிற் பணயம் வைக்கப்பட்டிருப்பது ஒரு பாடத்திற்குரிய புள்ளி மாத்திரமன்று. நீர்வேலியில் அப்பம்மா ஒருத்தி தொலைபேசியை எடுக்கிறாள். மறுமுனையிற் பேரப்பிள்ளை “ஓம்”, “இல்லை” என்ற இரு சொற்களோடு நின்றுவிடுகிறான். தாயோ தந்தையோ இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் இரு முனைகள் ஒன்றையொன்று நேசித்தும் ஒன்றோடொன்று கதைக்க முடியாதிருக்கும் நிலை இது. தொண்டராசிரியர் முன்னுள்ள வேலை இந்நிலையை மாற்றுவது. அதற்கு அவர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் யாவை?

தமிழில் ஆசிரியர்க்கு நெறி வகுத்த நூல் புதிதாகத் தேடவேண்டிய ஒன்றன்று. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரத்தில் ஆசிரியனையும் மாணாக்கனையும் பற்றியே பேசுகின்றது. காலமும் இடமும் பொருந்தத் தெரிந்து, சொல்லப் போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்து, விரையாமலும் வெகுளாமலும், விருப்போடு முகமலர்ந்து, கேட்போன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து பாடஞ் சொல்லவேண்டும் என்பது அதன் கருத்து. இவை கூறப்பட்டது இலக்கணம் கற்கும் முதிர்ந்த மாணாக்கர் பொருட்டு. எனினும், சனிக்கிழமைத் தூக்கங் கலையாமல் வந்து அமரும் ஏழு வயதுப் பிள்ளையின் ஆசிரியருக்கும் இவை பெரிதும் பொருந்துகின்றன.

அப்பாயிரத்திற் காணப்படும் இன்னொரு கருத்து இங்கு மிக இன்றியமையாதது. ஆசிரியன் சொன்னதை நன்றாகக் கேட்டுக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் கால் பங்கே. உடன் கற்போரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு சேர்கிறது. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்புகிறது. வாரவிறுதிப் பள்ளியின் நேரக் கணக்கை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். வாரத்துக்கு இரண்டரை மணி வீதம் ஆண்டில் நாற்பது வாரங்கள் நடைபெறும் பள்ளி, ஆண்டு முழுவதற்கும் நூறு மணி நேரம் கற்பிக்கிறது. நாளொன்றுக்குப் பதினான்கு மணி விழித்திருக்கும் பிள்ளை ஒரே வாரத்தில் ஏறக்குறைய அதேயளவு நேரம் விழித்திருக்கிறது. எனவே ஓராண்டுத் தமிழ்க் கல்வி ஒரு வார வாழ்க்கைக்குச் சமம். ஏனைய ஐம்பத்தொரு வாரங்களும் ஆங்கிலத்துக்கோ டொச்சுக்கோ நோர்வீஜிய மொழிக்கோ உரியன. இந்நிலையில் வகுப்பறைக்குள்ளேயே மொழி முழுவதையும் ஊட்டிவிட முயலும் ஆசிரியர் தோற்பது உறுதி. தமக்குரியது கால் பங்கு என ஏற்று, மற்றை முக்கால் பங்கும் வகுப்புக்கு வெளியே நடைபெற வழிசெய்பவரே வெற்றி பெறுவார்.

எடுத்துக்காட்டாக வாழையைப் பற்றிய பாடமொன்றைக் கொள்ளலாம். பாடநூலைத் திறந்து வாழை முக்கனிகளுள் ஒன்று என எழுதுவித்து முடிப்பது ஒரு முறை. குலை, சீப்பு, மடல், பொத்தி, குட்டி என ஐந்து சொற்களைப் படத்துடன் காட்டி, அவற்றைச் சொல்லப் பழக்கி, “ஒரு குலையில் எத்தனை சீப்பு இருக்கும்? குட்டியை எப்போது பிரித்து நடுவார்கள்?” என்ற இரு வினாக்களோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு முறை. விடையை நூலிற் காண இயலாது; நீர்வேலியில் தோட்டஞ் செய்த தாத்தாவுக்கு அது தெரியும். தொலைபேசியில் அவரைக் கேட்டறிந்து, அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்து பிள்ளை எடுத்துரைக்க வேண்டும். தாத்தாவுக்கும் அன்று சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கும். நன்னூல் கூறும் நான்கு பங்குகளும் இச்சிறு பயிற்சியில் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு பாடமும் ஊரிலோ வீட்டிலோ உள்ள ஒருவரை நோக்கிய வினாவாக முடியவேண்டும் என்பதே தொண்டராசிரியர் கொள்ளத்தக்க முதல் நெறி.

இதற்கு முன்னாயத்தம் வேண்டும். ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூல் கூறும் உவமைகளுள் ஒன்று கழற்காய் பெய்த குடம். காய்களை எந்த ஒழுங்கில் இட்டாலும், கவிழ்க்கும்போது அவ்வொழுங்கின்றி அவை உருண்டு விழும். வேலைக் களைப்போடு வந்து, வகுப்பு வாசலில் நூலைப் புரட்டி, அன்று கண்ணிற் பட்டதைக் கற்பிக்கும் தொண்டர் அக்குடத்தை ஒத்தவர். சம்பளம் பெறாமை ஆயத்தமின்மைக்கு நியாயமாகாது. வெள்ளிக்கிழமை இரவில் அரைமணி நேரம் ஒதுக்கி, நாளை பிள்ளை எந்த வாக்கியத்தோடு வீடு திரும்பும் என்பதைத் தீர்மானித்துக் கொள்வது போதும்.

இனி, கேட்போன் கொள்ளும் வகையை அறிவது. இங்கே எந்தத் தமிழைக் கற்பிப்பது என்ற வினா எழுகின்றது. வீட்டில் அம்மா “கதை” என்கிறாள். நூலில் “பேசு” என்றிருக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்கிற் பேசுதல் என்பதற்கு ஏசுதல் என்ற பொருளும் உண்டு. “ஆசிரியர் என்னோடு பேசினார்” என்ற வாக்கியத்தைப் படித்த பிள்ளை, ஆசிரியர் ஏன் கோபித்தார் எனக் கேட்பின் அது பிள்ளையின் பிழையன்று. அவ்வாறே “உது”, “உவன்”, “உங்கை” என்னும் உகரச் சுட்டுகள் பழைய இலக்கணங்களிற் சொல்லப்பட்டு, இன்றும் யாழ்ப்பாணப் பேச்சில் உயிரோடிருக்கின்றன. தமிழ்நாட்டு வழக்கைத் தழுவிய நூல்களில் அவை இடம்பெறுவதில்லை. அப்பம்மாவிடம் கேட்ட சொல்லை வகுப்பிற் சொன்ன பிள்ளைக்கு “அது பிழை” என்று ஆசிரியர் திருத்துவாராயின், வீட்டுத் தமிழ் தாழ்ந்தது என்ற பாடத்தையே அவர் கற்பித்தவராகிறார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட நானாடகத்தில் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை நாடக மேடைக்குரிய மொழியாக்கினார். அரங்கேறத் தக்க மொழி வகுப்பறைக்குத் தகாததாகுமா? பேச்சில் வீட்டுவழக்கை ஏற்று, எழுத்திற் பொதுவழக்கைப் படிப்படியாகப் பழக்குவது பொருத்தமான வழி.

வேற்றினத்தாரும் இச்சிக்கலை எதிர்கொண்டுள்ளனர். வட அமெரிக்காவிலுள்ள சீன வாரவிறுதிப் பள்ளிகளிலும் பெற்றோரே பெரும்பாலும் ஆசிரியர். சீனப் பெருநிலம் 1956ஆம் ஆண்டிற் சுருக்க எழுத்துகளையும், 1958ஆம் ஆண்டில் உரோம எழுத்திலான பின்யின் முறையையும் ஏற்றது. தாய்வானோ பழைய எழுத்து வடிவங்களையே பேணியது. ஆகவே எவ்வெழுத்தைக் கற்பிப்பது என்ற கேள்வி அங்குள்ள பள்ளிகளையும் பிரித்தது. தமிழ்நாடு 1978ஆம் ஆண்டிற் சில எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியது; அதற்குமுன் அச்சான நூலைத் திறக்கும் பிள்ளை பழைய “னை”, “லை” வடிவங்களின் முன் திகைக்கும். ஈழத்தவர் “ரொறன்ரோ” என்பதைத் தமிழ்நாட்டவர் “டொராண்டோ” என்பர். இவ்வேறுபாடுகளைப் பூசலாக்காது, இருவகையும் உண்டு எனச் சொல்லி அப்பாற் செல்வதே பிள்ளைக்கு நன்மை.

எழுத்தறிவித்தலிலும் மரபு தந்தவற்றுட் கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும் உள. விசயதசமியில் ஏடு தொடக்கி, அரிசியில் விரல் பற்றி எழுதுவிக்கும் வழக்கம் அழகியது; எழுத்து விரலின் வழியாகவும் மனத்திற் பதியும் என்னும் உண்மை அதனுள் இருக்கிறது. ஆனால் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் ஒப்பித்த பின்னரே சொல்லுக்குச் செல்லலாம் என்ற முறை, நாள்தோறும் பள்ளி கூடிய திண்ணைக்கு ஏற்றது. வாரத்துக்கு ஒருமுறை கூடும் வகுப்புக்கு ஏற்றதன்று. ட, ப, ம என்னும் மூன்றெழுத்தும் புள்ளியும் தெரிந்தாற் “படம்”, “பட்டம்” எனப் படித்துவிடலாம். முதல் நாளிலேயே ஒரு சொல்லைத் தானே படித்த மகிழ்ச்சி பிள்ளையை மறுவாரம் அழைத்து வரும். மேடைக்காக ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்து, பொருள் அறியாத நீண்ட பேச்சை மனனஞ் செய்விக்கும் வழக்கமும் மறுபரிசீலனைக்குரியது. கைதட்டல் ஓய்ந்தபின் அப்பேச்சில் ஒரு வாக்கியமேனும் பிள்ளையின் சொந்த மொழியாகத் தங்குவதில்லை.

வெகுளாமை என்பது இன்று அறவுரை மாத்திரமன்று, சட்டமுமாகும். பிள்ளைகளை அடிப்பதை 1979ஆம் ஆண்டிற் சுவீடனும், 1987இல் நோர்வேயும், 2000ஆம் ஆண்டிற் செருமனியும் வீட்டிலுங்கூடத் தடைசெய்தன. பிரம்போடு வளர்ந்த தலைமுறை, “அடியாத மாடு படியாது” என்ற பழமொழியைக் கடல் கடந்து கொண்டுசெல்லல் ஆகாது. பிள்ளையுடன் பூட்டிய அறையில் தனித்திராமை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கத்தக்கதாக வகுப்பை வைத்திருத்தல், அந்தந்த நாட்டுப் பின்னணிச் சோதனைக்கு முகஞ்சுளியாது உடன்படல் ஆகியனவும் இந்நெறியுள் அடங்கும். அடியினும் கேலி கொடியது. பிழையான தமிழில் ஒரு வாக்கியம் சொன்னதற்காக நகைக்கப்பட்ட பிள்ளை, சரியான தமிழில் மறுவாக்கியம் சொல்ல வாய் திறப்பதில்லை.

மொழிப் பெயர்ச்சியை ஆராய்ந்த யோசுவா பிஷ்மன் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வீட்டிலே தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு மொழி கைமாறாவிடிற் பள்ளி தனித்து நின்று அதனைக் காத்தல் அரிது என வற்புறுத்தினார். ஆகவே பெற்றோரும் இப்பணியிற் பங்கு கொள்ள வேண்டும். ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, வீடுகளில் நாள்தோறும் ஒதுக்கிய பிடியரிசியும் அதற்குத் துணையாயிற்று. ஒரு பிடியால் எந்த வீடும் வறுமையுறவில்லை. சேர்ந்தபோதோ பள்ளி நடந்தது. இன்று பெற்றோரிடம் கேட்கத்தக்க பிடியரிசி நாளுக்குப் பத்து நிமிடம். உணவு மேசையிலோ வாகனத்திலோ அன்றைய பாடத்தின் வினாவைத் தமிழிற் கேட்டுத் தமிழில் விடைபெற அது போதும்.

தொண்டருக்குக் கடமை உண்டென்றால், அவரைப் பயன்கொள்ளும் பள்ளிக்கும் கடமை உண்டு. வட இலங்கையிற் போர்க்காலத்துப் பாடசாலைகளின் வெற்றிடங்களைத் தொண்டராசிரியர் பலர் நிரப்பினர். சம்பளமின்றி ஆண்டுக்கணக்கிற் கற்பித்த அவர்கள், பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரத்தில் அமர நேர்ந்தது. நன்றியுரையும் பொன்னாடையும் ஒரு மனிதரின் இளமைக்கு ஈடாகா. வெளிநாட்டு வாரவிறுதிப் பள்ளிகளில் நிலைமை வேறாயினும் படிப்பினை ஒன்றே. தொண்டின் காலவெல்லையை முன்னரே வரையறுத்தல், புதியவரை அனுபவமுள்ளவரோடு இணைத்துப் பயிற்றுதல், போக்குவரவுச் செலவையேனும் வழங்குதல், ஓய்வு கேட்பவரைக் குறைகூறாமை என்பன பள்ளி நிருவாகத்தின் கடன்கள். இளைஞர் சிலர் ஓராண்டில் ஒதுங்கிவிடுவது மொழிப்பற்றின்மையால் என்று கூறுவது எளிது. அவர்கள் களைத்துப் போகுமளவுக்குச் சுமை ஏற்றப்பட்டதா என ஆராய்வதே நேர்மை.

வாழையடி வாழையென வளர்தல் என்பது தமிழர் வாழ்த்து. நீர்வேலித் தோட்டக்காரர், குட்டியைப் பிரித்து வேற்று நிலத்தில் நடும்போது அடிக்கிழங்கு சிதையாதபடி கவனமாகவே தோண்டுவர். கிழங்கோடு நட்ட குட்டி புதிய மண்ணிலும் குலை போடும். வாரவிறுதித் தமிழாசிரியர் செய்வதும் இத்தகைய கவனமான பணியே. அவருடைய வெற்றியை ஆண்டிறுதித் தேர்வு ஓரளவே காட்டும். கிழமை நாளொன்றில், எவரும் தூண்டாமலே பிள்ளை தொலைபேசியை எடுத்து, “அப்பம்மா, ஒரு விசயம் கேக்கவேணும்” என்று தொடங்குமாயின், சனிக்கிழமை வகுப்பு தன் பயனை எய்திவிட்டது எனக் கொள்ளலாம்.