நான் வேண்டாம் என்று சொன்ன வேலை



போன வாரம் நம் பழைய மாணவன் ஒருவன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். வயது 36. பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். "சார், கம்ப்யூட்டர் அனிமேஷன் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இந்த வயசுல வேலை மாறலாமா? நீங்க சொன்னா கேக்குறேன்" என்றான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏழு வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு வந்த இன்னொருவனுக்குத் தப்பான பதில் சொன்னவன் நான். "அந்தக் கதையை எழுதிவிட்டு உனக்குப் பதில் சொல்கிறேன்" என்றேன். அதுதான் இந்தப் பதிவு. கதைக்கு உரியவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். உங்களில் சிலர் கண்டுபிடித்துவிடுவீர்கள். மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

1998. ஒன்பதாம் வகுப்பு, கணக்கு பீரியடு. பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால், இவனுடைய கணக்கு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னதாக ராக்கெட் வரைந்து வைத்திருக்கிறான். பக்கங்களை விரலால் விறுவிறுவென்று தள்ளினால் ராக்கெட் பாட்டிலை விட்டுக் கிளம்பி, மேலே போய் வெடித்துப் பூவாக விரிகிறது. நோட்டைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். "நீயெல்லாம் தேற மாட்டே" என்றும் சொன்னேன்.

தேறினான். வேதியியலில் பட்டம் வாங்கி, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன் ஆனான். வானத்தில் போய் நிறம் நிறமாக விரிகிற ஃபேன்சி ரகத்தில் அவன் கைதேர்ந்தவன். கல்யாணம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகள்.

2018 தீபாவளி முடிந்திருந்தது. அதற்கு முன், அக்டோபர் 23 அன்று, உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு கூடாது, பசுமைப் பட்டாசுதான் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. பச்சை நிறத்தைத் தருவதே பேரியம்தான். பல ரகங்களுக்கு பேரியம் நைட்ரேட் இல்லாமல் மருந்தே கிடையாது. ஆலைகள் கதவடைத்தன. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. நம் பக்கத்துச் சனங்களுக்கு அந்த நாட்களை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

முதலில் வந்தது அவன் மனைவி. "நீங்களாச்சும் சொல்லுங்க சார். வேலையில்லாம உக்காந்திருக்கிற நேரத்துல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து, பந்து குதிக்கிற மாதிரி படம் போட்டுக்கிட்டு இருக்காரு. மதுரையில அனிமேஷன் படிக்கப் போறாராம். ரெண்டரை லட்சமாம். என் நகையைக் கேக்குறாரு" என்று கண் கலங்கினாள்.

மறுநாள் அவனை வரச் சொன்னேன். காராச்சேவுப் பொட்டலத்தோடு வந்தான். உட்கார்ந்ததுமே பிடித்துக்கொண்டேன். "34 வயசுல பொம்மைப் படமாடா? பிள்ளைகளுக்கு யாருடா பீஸ் கட்டுவா?"

அவன் அமைதியாகச் சொன்னான்: "சார், நம்ம பக்கம் தீப்பெட்டித் தொழில் எப்படி வந்துச்சுன்னு நீங்கதான் வகுப்புல சொன்னீங்க. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கத்துக்கிட்டு வந்தாங்கன்னு. அவங்க கிளம்பினப்பவும் யாராவது வேண்டாம்னுதானே சொல்லியிருப்பாங்க?"

"அவங்களும் நீயும் ஒண்ணாடா? நீ மாசச் சம்பளக்காரன்" என்றேன். அவன் டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான்.

நான் ஏன் அப்படிப் பேசினேன்? என் அப்பாவைத் தெரிந்த உறவினர்களுக்குப் புரியும். ஒரு காலத்தில் சாத்தூர் என்றால் பேனா நிப். அப்பா நிப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் விரல் நுனியில் எப்போதும் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். பால் பாயிண்ட் பேனா வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா கடைசிவரை அதிலேயே இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பருத்திக் கிட்டங்கியில் ராத்திரிக் காவலுக்குப் போனார். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது எங்கள் வீட்டில் என்னோடுதான் தொடங்கியது. அதை ஒருவன் தானாக விட்டுவிடுவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று ராத்திரி இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாமா கஷ்டப்பட்டது பட்டறையை விட்டு மாறினதாலயா, மாறாததாலயா?"

முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்தக் கணக்கு அதுவரை தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் நிம்மதியானாள், கண்டிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து. "பந்தைக் காட்டுடா" என்றேன்.

காட்டினான். மேலிருந்து ஒரு பந்து விழுகிறது. ஆனால் விழுகிற மாதிரி இல்லை, கயிற்றில் கட்டி இறக்குகிற மாதிரி இருந்தது. "ஏன் சார் இதுல கனம் வரமாட்டேங்குது? ஒரு மாசமாப் பாக்குறேன்" என்றான்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள். அவன் ஒவ்வொரு படத்துக்கும் பந்தைச் சம தூரம் இறக்கியிருந்தான். பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினேன். விழுகிற பொருள் சமமான நேர இடைவெளிகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இறங்கும். கூட்டினால் 1, 4, 9, 16. நேரத்தின் வர்க்கம். கலிலியோ கண்டு சொன்ன கணக்கு. நான் எத்தனையோ வருடம் போர்டில் எழுதி அழித்தது. அவன் இடைவெளிகளை அப்படியே மாற்றினான். பந்து விழுந்தது. கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. ஆனாலும் எனக்குத் தொப்பென்று சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் இது பொம்மை விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது. 1995இல் வந்த டாய் ஸ்டோரிதான் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த முதல் முழுநீளப் படம். அதில் லட்சத்துக்கும் மேற்பட்ட படச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் எது எங்கே இருக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நகையை மட்டும் தொடக்கூடாது என்று சொன்னேன். அவன் பழகிக்கொண்டிருந்த பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம். 2002இல் உலகம் முழுக்க இருந்து ஆர்வலர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். "கருவி கையில இருக்கு. ஒரு வருஷம் ராத்திரியில பழகு. அப்பவும் ஆசை இருந்தா மேற்கொண்டு பேசுவோம்" என்றேன். அவன் மனைவியையும் உட்கார வைத்து வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதினோம். இரண்டு வருடம் வருமானம் பாதியானால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டோம்.

என்னை வழியனுப்பத் தெருமுனைவரை வந்தபோதுதான் அவன் மீதியைச் சொன்னான். "ஆசை மட்டும் இல்ல சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால பக்கத்து ஆலையில வெடிச்சப்ப ஓடிப்போய்த் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். வீட்டுல சொன்னதில்ல. அதுல இருந்து மருந்து ரூம் வாசல்ல கால் வைக்கிறப்பவெல்லாம் பிள்ளைங்க முகம்தான் வருது." நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

ஆலைகள் திறந்ததும் பகலில் வேலைக்குப் போனான். ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டர். ஒரு வருடம் என்று நான் சொன்னது கொரோனாவோடு சேர்ந்து இரண்டரை வருடம் ஆயிற்று. 2021இல், 37 வயதில், சென்னையில் வேலை கிடைத்தது. போர்மேனாக வாங்கியது 24,000. அங்கே 15,000. ரோட்டோ என்ற வேலை. படத்தில் நடிகரின் உருவத்தை ஓரம் பிசகாமல், ஒவ்வொரு சட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். மேலதிகாரி 24 வயதுப் பையன். இவன் அவனை "சார்" என்பான், அவன் இவனை "அண்ணே" என்பான். நாலு பேர் தங்குகிற அறையில் படுக்கை. மாதம் ஒருமுறை ரயிலேறிச் சாத்தூருக்கு வருவான். அவன் மனைவி தையல் மெஷின் போட்டுக் குடும்பத்தை இழுத்துப் பிடித்தாள். இந்தக் கதையில் பாதிப் பாராட்டு அவளுக்கு.

ஒன்றேகால் வருடம் கழித்து ஒருநாள் போன் செய்தான். குரலே வேறு மாதிரி இருந்தது. ஒரு திருவிழாக் காட்சிக்கு வாணவேடிக்கை வேண்டுமாம். பையன்கள் செய்ததில் பொறிகள் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி விறைப்பாக, ஒரே வேகத்தில் ஓடியதாம். இவன் போய், "தம்பி, மணி மருந்து வெடிச்சுக் கிளம்பும்போதுதான் வேகம். காத்து அதை உடனே பிடிச்சு நிறுத்திடும். அப்புறம் தலை தொங்கிக் கீழ இறங்கும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், ரெண்டும் ஒரே மாதிரி எரியாது" என்று சொல்லி, அன்று ராத்திரியே செய்து காட்டியிருக்கிறான். மறுமாதம் நெருப்பு, புகை, வெடிப்பு எல்லாம் செய்கிற எஃபெக்ட்ஸ் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

"340 மீட்டர் தள்ளி வெடிச்சா வெளிச்சம் வந்து 24 பிரேம் கழிச்சுத்தான் சத்தம் வரணும் சார். படத்துல அப்படி வைக்க மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியும்ல!" என்று சிரித்தான்.

நம் பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) நினைவுக்கு வந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அது நொடித்த பிறகு காலண்டருக்குச் சாமி படங்கள் வரைந்தார். சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்த படங்கள் அவை. திரைச்சீலையில் பழகிய கை காலண்டரில் வீணாகவில்லை.

இதோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முழுதும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நிரந்தரம் கிடையாது. லைஃப் ஆஃப் பை படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்த அதே மாதம்தான் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கியது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரு வரை பலருக்கு வேலை போனது. இவன் இருந்த இடத்திலும் ஆள் குறைத்தார்கள். நான்கு மாதம் வீட்டில் இருந்தான். இப்போது சாத்தூரிலிருந்தே, வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்து கொடுக்கிறான். சில மாதம் பழைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு, சில மாதம் ஒன்றுமே இல்லை.

போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவன் மனைவியிடம் தனியாகக் கேட்டேன், "நீ அன்னைக்கு அழுதது சரியா, நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது சரியா?" அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "காசு அப்படித்தான் சார், வரும் போகும். ஆனா இப்பவெல்லாம் தூரத்துல வெடிச்சத்தம் கேட்டா நான் போனை எடுத்து இவரைக் கூப்பிடுறதில்ல. சத்தம் கேக்குறப்ப பக்கத்து ரூம்லதானே உக்காந்திருக்காரு."

திருப்பூர்த் தம்பிக்கு இனி என் பதில்.

முதலாவது, வேலையை விட்டுவிட்டுத் தொடங்காதே. ஒரு வருடமாவது ராத்திரியில் பழகிப் பார். தூக்கம் கெட்டும் ஆசை கெடவில்லை என்றால் அது உண்மையான ஆசை.

இரண்டாவது, லட்சக்கணக்கில் பீஸ் கட்டிச் சேராதே. "நூறு சதவீதம் வேலை" என்று எழுதியிருந்தால் இன்னும் யோசி. இந்தத் தொழிலில் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. நீ செய்த வேலைகளைத் தொகுத்த ஷோ ரீலைத்தான் கேட்பார்கள். 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிய ஃப்ளோ என்ற லாட்வியா நாட்டுப் படம் அந்த இலவச பிளெண்டரில் செய்ததுதான்.

மூன்றாவது, ரோட்டோ போன்ற ஆரம்ப வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு இப்போது செய்யத் தொடங்கிவிட்டது. அவனுக்குக் கிடைத்த முதல் படி உனக்கு இல்லாமல் போகலாம். இதைத் தெரிந்துகொண்டே இறங்கு.

நான்காவது, வீட்டில் மறைக்காதே. உன் மனைவியோடு உட்கார்ந்து இரண்டு வருடச் செலவை எழுது. அவள் சம்மதம் இல்லாமல் ஒரு பைசாவும் எடுக்காதே.

ஐந்தாவது, நீ பதினான்கு வருடம் துணிகளுக்கு நடுவில் இருந்திருக்கிறாய். துணி எப்படி மடியும், எப்படித் தொங்கும், எப்படிப் பறக்கும் என்று உனக்குத் தெரியும். அதற்கும் அங்கே வேலை இருக்கிறது. பழையதைக் கழுவிவிட்டுப் போகாதே.

அந்த ராக்கெட் நோட்டைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றபோது டிராயரைக் காலி செய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டதில் போயிருக்கும். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுல ராக்கெட் மேல போறதே தப்பு சார், இடைவெளி எல்லாம் சமமா இருந்துச்சு" என்றான்.

தம்பி, ஒரு பந்தைக் குதிக்க வைத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசுவோம்.