கண்ணாடியில் லாரி நம்பர்

ஈரோட்டிலிருந்து பழநி 110 கிலோமீட்டர் சொச்சம். அறச்சலூர், காங்கயம், ஊதியூர், தாராபுரம் என்று போகும் இந்தச் சாலையில் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும். நான் போனது ஆடி மாதம், 1984 மாடல் புல்லட்டில்.

அறச்சலூர் வரை வண்டி குழந்தை மாதிரி வந்தது. அங்கே நாகமலைக் குகையில், தமிழி எழுத்தில் தாளச் சொற்கட்டு வெட்டியிருக்கிறார்கள். ஐம்பதில் ஓடும் ஒற்றை சிலிண்டரின் சத்தத்தைக் கேட்டபடி அந்த மலையைக் கடப்பது எனக்கு எப்போதும் தனி சந்தோஷம். நொய்யலைத் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. எண்பதுக்கு முறுக்கினேன். காங்கயத்தில் விரல்கள் மரத்துப்போயின. ஊதியூர் மலை இடப்பக்கமா வலப்பக்கமா என்றுகூடக் கவனிக்கவில்லை. கண்ணெல்லாம் ஹேண்டில்பாரிலேயே இருந்தது.

பழைய புல்லட் 350-ல் பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்குகிறது. வண்டி உதறுவது அதனால்தான். க்ராங்க்கில் இருக்கும் எதிர் எடை அந்த உதறலில் ஒரு பங்கைத்தான் அடக்கும். முழுவதையும் அடக்கப் பார்த்தால், மேலும் கீழும் உதறுவது முன்னும் பின்னுமாக உதற ஆரம்பித்துவிடும். உதறலை ஈடுகட்ட பேலன்சர் தண்டு வைத்த 350 என்ஜின் 2020-ல் மீட்டியர் என்ற மாடலோடுதான் வந்தது. பழைய என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 50 உதறல். அதே கியரில் அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் உதறும் விசை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிற கணக்கு அது.

தாராபுரம் நெருங்கும்போது காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க அதிர்வு முழங்கை வரை ஏறியது. அதிர்வு தெரியாமலிருக்கட்டும் என்று தடித்த ஸ்பாஞ்ச் கிரிப் வேறு மாட்டியிருந்தேன். கை கொள்ளாத பருமன், அதனாலேயே கூடுதல் இறுக்கம். டீக்கடையில் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை.

பக்கத்துப் பட்டறையில் இருந்த பெரியவர் வண்டியைச் சுற்றிவந்து, சிலிண்டர் ஹெட்டை ஃபிரேமோடு பிணைக்கும் பட்டையைத் தொட்டார். அது ஆடியது.

"இது லூசா இருந்தா ஒடம்பு பூராத்துக்கும் ஏறுமுங்க. முடுக்கிட்டனுங்க. அந்த ஸ்பாஞ்சக் கழட்டிப் போடுங்க."

"எவ்வளவு ஸ்பீடுல போலாமுங்க?"

"முள்ளப் பாக்காதீங்க, கண்ணாடியப் பாருங்க. பின்னால வர்ற லாரி நம்பரு படிக்க முடியற வரைக்கும் போங்க. கலங்குச்சுன்னா கொறைச்சுக்குங்க."

போல்ட்டின் தலையிலிருந்து பட்டை வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். போல்ட் நகர்ந்தால் கோடு விலகும்.

அமராவதியைத் தாண்டி அவர் சொன்னபடியே போனேன். அறுபதுக்குச் சற்றுக் கீழே, கண்ணாடியில் தமிழ்நாடு பதிவெண் கொண்ட தேங்காய் லாரி ஒன்று எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அறுபத்தைந்தில் கடைசி இரண்டு எண்கள் கரைந்தன. குறைத்தேன், திரும்பி வந்தன. கிரிப்பில் விரல்களைச் சும்மா போட்டிருந்தேன், முழங்கையைக் கொஞ்சம் மடக்கி. காற்று தள்ளியபோது வண்டி சற்றே சாய்ந்து தானாக நிமிர்ந்தது. மானாவாரிக் காடுகளையும் தென்னந்தோப்புகளையும் அப்போதுதான் பார்த்தேன். லாரிக்காரர் ஹாரன் அடித்து முந்திப் போனார். போகட்டும்.

பழநி மலை தெரிந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். அடிவாரத்தில் நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். வெள்ளைக் கோடு நேராகவே இருந்தது.